வந்தவர்கள் கற்ற பாடம்

(அந்தியூரில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அவரை நம்மில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவர் ‘சார்’தான். நான் பத்தாம் வகுப்போடு நின்று வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கூலி வேலைக்குப் போன வருஷம், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மறுபடியும் என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தவர் அவர். கடைசி நாட்களில் பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்: “வெள்ளைக்காரச் சாமியாருங்க இங்க வந்து நமக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னு அலமாரி நெறயப் புத்தகம் இருக்குது. நாம அவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தோம்னு எவனாச்சும் எழுதியிருக்கறானா? நீ எழுதேன்.”

நான் எழுதவில்லை. அந்தக் கடனுக்காகத்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். கடல் கடந்து ஊழியத்துக்கு வந்தவர்கள் நம் மக்களிடம் என்ன கற்றார்கள், எதைக் கற்காமல் போனார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. மிஷனரிகளைத் திட்டுவதற்கும் வரவில்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது. என் அம்மாவுக்கு உண்டு. அம்மாவுக்கு இரண்டு பெயர். கோயிலில் மரியாள், ரேஷன் கார்டில் மாரியம்மாள். ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு பெயர் என்று சின்ன வயதில் கேட்டேன். “ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு சர்க்காருக்கு” என்றார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கருமத்தம்பட்டி

நம் பக்கத்துக்கு மிஷனரிகள் வந்து நெடுங்காலம் ஆகிறது. லண்டன் மிஷன் 1827ல் சேலத்திலும் 1830ல் கோயம்புத்தூரிலும் கால் ஊன்றியது. ஈரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோருக்கும் பிரப் ரோடு தெரியும். அந்தப் பிரப், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆண்டனி வாட்சன் பிரப். அவர் பெயரில் ஆலயமும் அங்கே நிற்கிறது. ஈரோட்டில் பணி செய்த இன்னொருவர் எச்.ஏ. பாப்லி. இந்திய இசை பற்றி 1921ல் புத்தகம் எழுதினார்; குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931ல் வெளியிட்டார். இவர்கள் நம் மொழியைக் கற்றார்கள், பாட்டைக் கற்றார்கள். ஆனால் மொழியைக் கற்பது ஒன்று, அந்த மொழி பேசுகிற ஊரில் யார் எங்கே நிற்கவேண்டும் என்று வகுத்து வைத்திருப்பதைக் கற்பது வேறொன்று. இந்த இரண்டாவது பாடத்தில் தடுக்கி விழுந்த ஒரு மனிதரின் கதையோடு தொடங்குகிறேன். கதை நடந்த இடம் இங்கிருந்து தூரமில்லை. கோபி, அவிநாசி வழியாகப் போனால் மதியத்துக்குள் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்தில் இருக்கலாம்.

மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1813ல் தெற்கு பிரான்ஸில் பிறந்தவர். பாரீஸ் வேத போதக சபையில் சேர்ந்து 1842ல் புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து இறங்கினார். சேலம் பகுதியில் பணி செய்தார். புதுச்சேரிக் குருமடத்தை நடத்தினார். 1846 அக்டோபர் 4ஆம் தேதி, கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் பட்டம் சூட்டினார்கள். வயது முப்பத்திரண்டு. கோயம்புத்தூர் மறைப்பணித் தளம் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும், வெள்ளைக்காரன் என்றைக்கும் தலைமேல் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். கூட இருந்த ஐரோப்பியக் குருக்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஆயர் இப்படி நினைத்தார் என்பது சின்ன விஷயமில்லை. அதை மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் அவர் மனசாட்சியை அரித்தது இன்னொரு பிரச்சினை, சாதி. ‘மலபார் சடங்குகள்’ என்று சபை வரலாற்றில் ஒரு நீண்ட வழக்கு உண்டு. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, பூணூல் அணிந்து, உயர்சாதிச் சந்நியாசி போல வாழ்ந்து மதம் பரப்பினார். தாழ்த்தப்பட்ட மக்களிடம் போவதற்குப் பிற்பாடு ‘பண்டாரசாமிகள்’ என்று தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். சாமியாரிலேயே இரண்டு சாதி. சாதி என்பது வெறும் ஊர்வழக்கம், அதை மதத்தோடு குழப்ப வேண்டாம் என்பது அவர்கள் வாதம். 1704ல் ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். மற்ற பல தடைகளோடு, நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஓர் ஆணை போட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதி செய்தார். குருக்கள் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அதே சமயத்தில், பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஏற்பாடு செய்கிறோம் என்று இயேசு சபையார் சொன்ன வழியையும் ரோம் ஏற்றுக்கொண்டது. வாசலைத் திற என்ற உத்தரவுக்கு, பின்பக்கம் தனி வாசல் வைக்கிறோம் என்று பதில்.

நூறு வருஷம் கழித்து பிரெசியாக் இங்கே வந்தபோதும் நிலைமை அதுதான். சத்தியம் ஒரு பக்கம், அன்றாட நடைமுறை வேறு பக்கம். எது ஊர்வழக்கம், எது பாவம், எதைச் சகிக்கலாம், எதைச் சகிக்கக் கூடாது என்று அவர் ரோமுக்கு எழுதினார். தெளிவான பதிலுக்காகக் காத்திருந்தார். மனம் ஒப்பாமல் 1854ல் கோயம்புத்தூரை விட்டுப் புறப்பட்டார். மறுவருஷம் அவர் ராஜினாமா ஏற்கப்பட்டது. 1856ல் லியோனில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதுதான் அதன் முதல் நோக்கம். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனை அடைந்தபோது ஊரில் கொள்ளைக் காய்ச்சல். இறங்காதீர்கள் என்று கப்பல் தலைவர் எச்சரித்தும் இறங்கினார். ஜூன் 25ல் இறந்துபோனார். ஆறு வாரம்தான் அந்த மண்ணில் இருந்தார். 2020ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தது.

கொங்கு மண்ணில் பட்ட பாட்டிலிருந்து அவர் கற்ற பாடம் ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அது உண்மை. இங்கே எதைக் கற்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. பன்னிரண்டு வருஷ ஊழியத்தைப் பற்றி நினைவுக்குறிப்பு எழுதியவர் அவர். நேர்மையான மனிதர். ஆனால் சாதி அவருக்கு எந்த வடிவத்தில் வந்தது? தன் சத்தியத்துக்கு வந்த சோதனையாக. ‘நான் என்ன செய்தால் எனக்குப் பாவமில்லை’ என்ற கேள்வியாக. கோயிலில் தனியாக ஓரத்தில் நிறுத்தப்பட்டவனுக்கு அது எப்படி வந்தது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாக. ரோமுக்குக் கடிதம் எழுதினார். சக ஆயர்களிடம் விவாதித்தார். அந்த விவாதத்தில் நம்மவர் பேசுபொருளாக இருந்தார்கள், பேசுகிறவர்களாக இல்லை. மண்ணின் பிள்ளைகள் குருக்களாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரே, அந்த மண்ணின் பிள்ளைகள் யார்? குருமடத்தின் கதவு நம் சேரிகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. இந்தியாவில் ஒரு தலித் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022ல். கருமத்தம்பட்டியில் பட்டம் சூட்டிய நாளிலிருந்து எண்ணினால் 176 வருஷம்.

மேலே உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருக்கிற நல்ல மனிதர் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது உதாரணம். இனிக் கீழே இறங்கிப்போய்ப் பாடம் கேட்டவர்களின் கதைக்கு வருகிறேன்.

செங்கல்பட்டு

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நம் மக்கள் கூட்டம் கூட்டமாக மிஷன் வாசலுக்கு வந்தார்கள். மிஷனரிகளுக்குச் சந்தோஷம், கூடவே சந்தேகம். ஆத்துமாவுக்காக வருகிறானா, அரிசிக்காக வருகிறானா? ‘அரிசிக் கிறிஸ்தவன்’ என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதனால் வருகிறவனைக் காக்க வைத்தார்கள், சோதித்தார்கள், கேள்வி கேட்டார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஒருவர். திருவள்ளூர் பக்கம் ஈக்காட்டில் பணி செய்த மெதடிஸ்ட் வில்லியம் கவுடி இன்னொருவர். அவர்களிடம் வந்த பறையர்கள் ஜெபத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. குடியிருக்கிற மனை மிராசுதாருடையது, அவர் நினைத்தால் இன்று இரவே குடிசையைப் பிடுங்கச் சொல்லலாம் என்றார்கள். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை, எங்களுக்குக் கிடைக்காது என்றார்கள். அப்பன் வாங்கிய சில ரூபாய்க்கு மகன் படியாளாகக் கட்டுண்டு கிடக்கிறான் என்றார்கள். அடிமைமுறையைச் சட்டம் 1843லேயே ஒழித்துவிட்டது. சேரிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இதைக் கேட்ட மிஷனரிக்கு முன்னால் இரண்டு வழி. ‘இவன் நிலத்துக்காக வருகிறான், இவன் விசுவாசம் போலி’ என்று முடிவு கட்டலாம். அல்லது, ‘தலைமேல் கூரை யாருடையது என்று தெரியாதவனிடம் நான் பரலோக வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேனே’ என்று வெட்கப்படலாம். இவர்கள் இரண்டாவது வழிக்கு வந்தார்கள். மெதுவாகத்தான் வந்தார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள், அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ மெல்ரோசாபுரத்தில் நம் மக்களுக்கென்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார். செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலைமை பற்றித் தன் அறிக்கையை அரசுக்கு அளித்தார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லும்போது வழக்கமாக நன்றி முழுவதும் திரமென்ஹீருக்குப் போகும். மிச்சம் இருந்தால் மிஷனரிகளுக்கு. சாரின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். திரமென்ஹீருக்கு யார் சொன்னார்கள்? சொன்னவர்களில் மிஷனரிகள் உண்டு. மிஷனரிகளுக்கு யார் சொன்னார்கள்? மனை போய்விடும், வேலை போய்விடும், அடி விழும் என்று தெரிந்தும் வாயைத் திறந்து சொன்ன ஒரு படியாள். ஒரு படியாள் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். அவர்கள் பெயர் எந்த ஆணையிலும் இல்லை. ஆசிரியர்கள் அவர்கள்தான்.

நம் ஆட்கள் வெறுமனே மனுக்கொடுத்துக் காத்திருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1885லேயே ஜான் ரத்தினம் ‘திராவிட பாண்டியன்’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அவர் நம்மவர், மெதடிஸ்ட் சபைப் போதகர். அயோத்திதாசர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1891 டிசம்பரில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டியது நமக்கு மேலேயிருக்கிற நீலகிரியில். கோயம்புத்தூரில் படித்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் ‘பறையன்’ பத்திரிகையைக் கொண்டுவந்தார். மிஷனரி காதில் விழுந்த குரலும் பத்திரிகையில் அச்சான குரலும் ஒரே காலத்தின் குரல்.

தோர்ணக்கல்

இதுவரை வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். நம் பக்கத்திலிருந்தே ஊழியத்துக்குப் போனவர்கள் என்ன கற்றார்கள்? வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள்வோம். 1874ல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். நாடார். அவர் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்த நூற்றாண்டு அது. 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். தமிழர் காசில், தமிழர் ஆளை, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு அனுப்பினார்கள். நிஜாம் ராஜ்ஜியம், தெரியாத மொழி. தமிழனுக்கு அது வெளிநாடுதான். அசரியாவும் அங்கே போனார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910ல், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே அசரியா எழுந்து பேசினார். நீங்கள் எங்களுக்காகத் தியாகம் செய்தீர்கள், பொருள் கொடுத்தீர்கள், எங்கள் சந்ததிகள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்று சொல்லி முடித்தார். வெள்ளைக்கார மிஷனரி உள்ளூர் ஊழியரைத் தன் மேஜையில் உட்கார வைத்துச் சாப்பிட மாட்டான் என்பதுதான் அந்தப் பேச்சின் உட்கருத்து. நமக்கு மிகவும் பழக்கமான விஷயம். கொடுப்பார்கள், கூட உட்கார மாட்டார்கள்.

தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலர்களும் மாதிகர்களும். இந்த இடத்தில் நம் கொங்குப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மாதிகர் நமக்கு அந்நியர் இல்லை. வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் குடும்பங்கள் இந்த அந்தியூரைச் சுற்றி எத்தனை! தோல் தைத்தவர்கள், பண்ணையத்தில் நின்றவர்கள், கவலை இறைக்கத் தோல்பை செய்து கொடுத்தவர்கள். மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, அதோடு அந்த வேலையும் போயிற்று. சாதிப் பட்டியலில் பெயர் வேறாக இருந்தாலும் தழும்பு ஒன்று.

வெள்ளைக்காரன் தன்னோடு சாப்பிடவில்லை என்று உலகத்தின் முன்னால் சொன்ன அசரியா, தோர்ணக்கல்லில் பார்த்தது என்ன? மாலர் மாதிகரோடு சாப்பிட மாட்டார். மாதிகர் போன கிணற்றுக்கு மாலர் வர மாட்டார். ஒடுக்கப்பட்டவனுக்குக் கீழே இன்னொரு ஒடுக்கப்பட்டவன். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவது அங்கே வெறும் சடங்கு இல்லை; சாதியோடு நேருக்கு நேர் மோதுகிற காரியம். அவர் அதை வலியுறுத்தினார். முழு வெற்றி கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே சுவிசேஷத்தை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் ஆயர் அல்ல, அந்த எழுத்தறியாத மாலர்களும் மாதிகர்களும்தான். ஞானஸ்நானம் பெறுகிறவர் தலையில் கைவைத்து, நானும் போய்ச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார். பெற்றுக்கொள்ள மட்டும் ஆள் என்று எண்ணப்பட்டவரிடம் சொல்லும் உரிமையை ஒப்படைத்தார். எடின்பரோவில் தான் கேட்டதைத் தோர்ணக்கல்லில் தானே கொடுக்க முயன்றார்.

1936ல் காந்தி, அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டோடு பேசும்போது, தீண்டத்தகாதவர்களிடம் சுவிசேஷம் சொல்வதைப் பசுவிடம் சொல்வதோடு ஒப்பிட்டார். புரிந்துகொள்ளும் திறன் அவர்களில் சிலருக்குப் பசுவைவிடக் குறைவு என்ற பொருளில் பேசினார். தோர்ணக்கல் கூட்ட மதமாற்றங்கள் பற்றி அசரியாவுக்கும் காந்திக்கும் இடையே கருத்து மோதல் நடந்த காலம் அது. 1880களின் சந்தேகமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது பாருங்கள். நீ எதற்காக மாறினாய்? உனக்கு என்ன புரியும்? கோட்டையில் பிறந்தவன் எதற்காகக் கோயிலுக்குப் போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. பரீட்சையில் பாஸாக, பையனுக்குக் கல்யாணமாக, தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் வரப் போகிறான், அது பக்தி. நம்மவன் வீட்டுமனை கேட்டுப் போனால் அது பேராசை.

மாறியவன் நிலை

இதில் மிஷனரிகளைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் இந்த விஷயத்தைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவர்களைக் கிறிஸ்தவர்களாக்குவது பற்றி ஒரு கட்டுரை, மதம் மாறியவரின் நிலை பற்றி இன்னொன்று. மதம் மாற்றியதோடு தன் கடமை முடிந்தது என்று மிஷனரி கைகழுவிவிடுகிறான், மாறியவன் தன் சமூக அநீதியை எதிர்த்துப் போராட அணிதிரளவில்லை என்பது அவர் வைத்த கடுமையான விமர்சனம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே நிற்கும் சுவர் அதற்குச் சாட்சி. 2008ல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு நடந்த வன்முறை சாட்சி. நான் சின்ன வயதில் அம்மாவோடு போன ஒரு கோயிலிலும், எங்களுக்கு என்று யாரும் எழுதி வைக்காத ஓர் இடம் இருந்தது. எழுதி வைக்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சபைக்குள்ளே சாதி இருக்கிறது. சர்க்காரோ, சபைக்குள் போய்விட்டாய், உனக்கு இனிச் சாதி இல்லை என்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்ற தொழிலாளி, சக தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, புதிய மதத்திலும் அதே கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அதே தெரு, அதே ஊசி, அதே தோல். பெட்டிக்கடை மட்டும் இல்லை. 2022ல் இதை ஆராய ஒன்றிய அரசு நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது.

அம்மாவின் இரண்டு பெயர் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அது பொய் சொன்ன பெயர் இல்லை. ஒரு பெயரில் மரியாதையைத் தேடினார், இன்னொரு பெயரில் பிள்ளைகளின் படிப்பைத் தேடினார். இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கச் சபைக்கும் முடியவில்லை, சர்க்காருக்கும் முடியவில்லை. நோக்கத்தை விசாரிக்க வேண்டியது அம்மாவிடமா?

எந்த மிசனு?

கடைசியாக என்னைப் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி முடித்த புதிதில் நாங்கள் நாலைந்து பேர், சாரோடு பர்கூர் மலையடிவாரத்தில் ஒரு காலனிக்குப் போனோம். கையில் துண்டறிக்கை. இரண்டு மணி நேரம் பேசினோம். பார்ப்பனியம், வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம், எதையும் விடவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு ஆயா கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் கேட்டார்: “பேசி முடிச்சுட்டீங்களா கண்ணு? நீங்க எந்த மிசனு?”

எல்லோரும் சிரித்தோம். “மிசன் எல்லாம் இல்லீங்க ஆயா. நாங்க அம்பேத்கர் இயக்கம்” என்றேன்.

“செரி சாமி. இங்க பொணம் விழுந்தா எந்த வழியில தூக்கிட்டுப் போறதுன்னு தெரியல. காட்டுக்காரங்க வேலி போட்டுட்டாங்க. அதக் கேக்கறதுக்கு வந்தீங்களோன்னு பாத்தேன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்பதுதான் உண்மை. இவ்வளவு பெரிய வரலாறு சொல்லியிருக்கிறோம், இந்த அம்மா வழியைப் பற்றிக் கேட்கிறாரே என்று. அதாவது, ஆத்துமாவைப் பற்றிப் பேசினால் அரிசியைக் கேட்கிறானே என்று அலுத்துக்கொண்ட மிஷனரிக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் கப்பலில் வந்தார், நான் டவுன் பஸ்ஸில் வந்தேன்.

சார் கோபப்படவில்லை. மறுவாரம் தனியாக அந்தக் காலனிக்குப் போய், நில வரைபடத்தில் அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். ஆறு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். பாதை வந்தது. அதற்குள் அந்த ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை வேலியைச் சுற்றித்தான் தூக்கிப்போனார்கள். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் அந்தக் காலனிப் பிள்ளைகள் பூனா ஒப்பந்தத்தைப் பற்றித் தாங்களாகவே கேட்க ஆரம்பித்தார்கள். வரலாறு வேண்டாம் என்று ஆயா சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னார்.

மாணவத் தோழர்களே, நீங்களும் நாளைக்கு ஏதாவது ஒரு காலனிக்குப் போவீர்கள். கள ஆய்வுக்குப் போவீர்கள், இயக்கத்துக்காகப் போவீர்கள், இரவுப் பள்ளி நடத்தப் போவீர்கள். நீங்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவராக இருந்தாலும், படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் கொஞ்சம் வெளியூர் ஆள்தான். போனதும் பேசாதீர்கள். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள், சோறு போட்டால் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே மாதாரி வளவும் பறையர் வளவும் தனித்தனியாக இருந்தால், இரண்டிலும் சாப்பிடுங்கள். அவர்கள் முதலில் எதைக் கேட்கிறார்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அது உங்கள் தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். அதுதான் பாடம். அதற்காக அலைந்தால், உங்கள் தலைப்புக்கு அவர்களே வருவார்கள்.

கடைசியாக ஒரு தேதி. 1994 அக்டோபர் 10. செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். இன்னொருவர் பெயர் ஏழுமலை. நூறு வருஷத்துக்கு முன்பு ஏதோ ஒரு படியாள் ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நிலப் பாடத்தின் தொடர்ச்சிதான் அவர்கள். அந்த இரண்டு பெயரையும் நீங்கள் போகிற இடத்திலெல்லாம் சேர்த்தே சொல்லுங்கள். சட்டம் பிரித்து வைத்தாலும் நாம் பிரிக்க வேண்டாம்.

சார் கேட்டதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை உங்களில் யாராவது எழுதுங்கள்.